வைத்தியரின் குரு யார்?

பாற்கடலைக் கடைந்தபோது ஆலகாலம் முன்னே வந்தது. அமிர்தம் பின்னே வந்தது. அந்த அமிர்த கலசத்தைக் கையில் ஏந்தி வெளிப்பட்டவர் தன்வந்திரி பகவான். திருமாலின் அம்சமாகவும் ஆயுர்வேதத்தின் ஆதி தெய்வமாகவும் போற்றப்படும் அவருக்குத் திருவரங்கம் பெரிய கோயிலில் தனிச் சந்நிதி உண்டு. சீர்காழிக்கு அருகிலுள்ள வைத்தீஸ்வரன் கோயிலிலோ சிவபெருமானே வைத்தியநாதராக எழுந்தருளியிருக்கிறார். அங்கு தரப்படும் திருச்சாந்துருண்டையை நோய் தீர்க்கும் பிரசாதமாக அன்பர்கள் பெற்றுச் செல்கின்றனர்.

இத்தலங்களில் வேண்டிக்கொண்டு வீடு திரும்பும் குடும்பங்கள் பலவற்றில், அடுத்து நிகழ்வது கைபேசியில் ஒரு தேடல். தாய் கும்பகோணத்தில் இருப்பார். மகன் பெங்களூரில் இருப்பான். தாய்க்குப் பத்தாண்டுகளாக நீரிழிவு, ஓராண்டாக முழங்கால் வலி. எண்ணெய்ச் சிகிச்சை செய்தால் நலமாகும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லியிருப்பார். முன்காலத்தில் அக்ரஹாரத்து மூலையிலோ கடைத்தெருவிலோ குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு வைத்தியர் இருந்தார். அவருடைய தகப்பனாரையும் ஊர் அறிந்திருந்தது. அவர் கொடுத்த கஷாயத்தால் யார் பிழைத்தார், யார் பிழைக்கவில்லை என்பதையும் ஊர் அறிந்திருந்தது. அந்த வைத்தியசாலை மூடப்பட்டு நாளாகிவிட்டது. மகன் இணையத்தில் தேடுகிறான். நொடிப்பொழுதில் நூறு பெயர்கள் வந்து நிற்கின்றன. எல்லோருக்கும் ஐந்து நட்சத்திரம். எல்லோருடைய பின்னணியிலும் தன்வந்திரி படமும் எரியும் குத்துவிளக்கும். இவர்களுள் எவரை நம்புவது?

இது இன்றைய கேள்வி போலத் தோன்றினாலும், ஆயுர்வேதத்தின் மூல நூல்களுள் முதன்மையானதாகிய சரக சம்ஹிதை இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்திருக்கிறது.

சரகர் காட்டும் போலி

அந்நூலின் சூத்திர ஸ்தானத்து 29ஆம் அத்தியாயம் வைத்தியர்களை இருவகையாகப் பிரிக்கிறது. உயிரைக் காத்து நோயை வெல்பவர் ஒரு வகை. நோயைக் கூட்டி வந்து உயிரைப் போக்குபவர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினரைச் சரகர் வருணிக்கும் விதத்தைப் படிப்போர், அவர் நம் காலத்துக் கைபேசித் திரையைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று வியக்க நேரும். அவர்கள் வைத்தியர் வேடம் பூண்டு தம்மைத் தாமே புகழ்ந்துகொண்டு தெருத்தெருவாகத் திரிவார்கள். எவருக்கேனும் உடல்நலம் குன்றியது என்று கேள்விப்பட்டால் உடனே அங்கு வந்து சேர்வார்கள். முன்பே சிகிச்சை அளித்துக்கொண்டிருக்கும் வைத்தியரின் குறைகளை ஓயாமல் சொல்வார்கள். நோயாளியின் உற்றார் உறவினரை இன்சொல்லால் வசப்படுத்துவார்கள். தமக்குப் பொருளாசை மிகவும் குறைவு என்று காட்டிக்கொள்வார்கள். நோய் முற்றினாலோ, நோயாளியிடம் கட்டுப்பாடு இல்லை, உடனிருந்து பார்ப்பவர் சரியில்லை என்று பழியை அவர்கள் மீதே போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சரகர் ஓர் அடையாளம் தருகிறார். இத்தகையோருக்கு ஆசிரியர் யார், மாணவர் யார், உடன் பயின்றவர் யார் என்று எவருக்கும் தெரியாது என்பதே அது. கற்றோர் கூடும் அவையை அவர்கள் அஞ்சி விலகிச் செல்வார்களாம்.

ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் காணொளிகளையும், கண்ணீர் மல்க நன்றி கூறும் சான்றுரைகளையும் எவரும் உண்டாக்கிக்கொள்ள முடியும். அவற்றை எண்ணி மயங்குவதற்கு முன், ‘இவர் எங்கே, எவரிடம் கற்றார்? இவரை அறிந்த சக வைத்தியர் யார்?’ என்ற கேள்விக்கு விடை காண வேண்டும். அந்தக் காலத்தில் இதற்கு ஊரே விடை சொன்னது. இக்காலத்தில் அரசின் பதிவேடு விடை சொல்கிறது.

பதிவேடு என்னும் குருபரம்பரை

ஆயுர்வேத மருத்துவப் பட்டம் பி.ஏ.எம்.எஸ். எனப்படும். நான்கரை ஆண்டுப் படிப்பும், அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. சித்த மருத்துவத்துக்குரிய பட்டம் பி.எஸ்.எம்.எஸ். இவ்விரண்டும் வெவ்வேறு மருத்துவ முறைகள். தமிழகத்தில் பலர் இரண்டையும் ஒன்றெனக் கருதி, சித்த மருத்துவரிடம் பஞ்சகர்மமும் ஆயுர்வேதரிடம் சித்தர் பாடலும் கேட்கிறார்கள். தேர்ந்த மருத்துவர் இவ்வேறுபாட்டைத் தாமே எடுத்துச் சொல்லிவிடுவார். இரண்டிலும் வல்லவர் என்று ஒருவர் கூறிக்கொண்டால், எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி என்று கேட்பதில் தவறில்லை. நாகர்கோவில் கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் பழைமை வாய்ந்த கல்லூரிகள் பல உள்ளன. கல்லூரியின் பெயரைக் கேட்டதும் தடுமாறுகிறவரிடம் மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை.

பட்டம் பெற்றவர் மாநிலப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்துகொண்ட பிறகே சிகிச்சை அளிக்கலாம். தமிழ்நாட்டில் ஆயுர்வேத மருத்துவர்களைப் பதிவு செய்வது தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியம். நாடு முழுமைக்கும் மேலமைப்பாக, 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையம் இருக்கிறது. மருத்துவரின் முழுப்பெயர், பதிவு எண், பதிவு செய்த மாநிலம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால், உரிய வாரியத்தின் இணையதளத்திலோ தொலைபேசியிலோ கடிதத்திலோ சரிபார்க்க இயலும். வங்கியில் கணக்குத் தொடங்க வருபவரிடம் அடையாளச் சான்று கேட்பதை யாரும் அவமதிப்பாக எண்ணுவதில்லை. தாயின் உடலை ஒப்படைக்கும்போது மட்டும் கேட்பதற்குக் கூசுவது ஏனோ?

பரம்பரை வைத்தியர்களைப் பற்றி இங்கு ஒரு சொல். கல்லூரிப் பட்டம் இன்றித் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த பெரியோர் பலர் முற்காலத்தில் மாநில வாரியங்களில் முறையாகப் பதிவு பெற்றிருந்தனர். அவர்களது ஞானம் மதிக்கத்தக்கது. ஆனால் ‘ஏழு தலைமுறை வைத்தியம்’ என்று திரையில் எழுதிக்கொள்வதற்கு ஏழு நிமிடம்கூட வேண்டியதில்லை. வாரக்கணக்கில் நடக்கும் பயிற்சிகளில் தரப்படும் சான்றிதழ்களும், ‘மாற்று மருத்துவம்’ என்ற பெயரில் சுவரில் தொங்கும் பட்டயங்களும் பதிவு எண்ணுக்கு ஈடாகா. காவியும் திருநீறும் துளசி மாலையும் அவ்வாறே. பக்தியுள்ள குடும்பங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பக்திக்குரிய சின்னங்களைக் கண்டதும் கேள்வி கேட்கும் நாக்கு ஒடுங்கிவிடுகிறது.

திரையில் நாடி பார்க்க முடியுமா?

கொரோனாக் காலமாகிய 2020இல், ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவர்கள் தொலைவிலிருந்து ஆலோசனை வழங்குவதற்கான நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. எனவே இணையவழியில் ஆலோசனை பெறுவது முறையானதே. மருத்துவர் தம் பெயர், தகுதி, பதிவு எண் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். நோயாளியின் பெயரையும் வயதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மருந்து எழுதினால் பதிவு எண்ணுடன் கூடிய சீட்டாகத் தர வேண்டும் என்பவை அந்நெறியின் சாரம். ‘சீட்டெல்லாம் எதற்கம்மா, மருந்தைக் கூரியரில் அனுப்புகிறோம்’ என்று கூறுபவர் எவராயினும் இந்நெறிக்குப் புறம்பானவர்.

முறையான மருத்துவரே ஆனாலும், திரைக்கு ஓர் எல்லை உண்டு. பார்த்தல், தொட்டறிதல், வினவுதல் ஆகிய மூன்று வழிகளால் நோயை அறிவது ஆயுர்வேதம். நாடி, சிறுநீர், மலம், நா, குரல், தொடு உணர்வு, கண், உடற்தோற்றம் என எட்டு நிலைகளில் ஆராய்வதும் உண்டு. காணொளி அழைப்பில் வினவலாம், ஓரளவு பார்க்கலாம், தொட இயலாது. முழங்கால் வீங்கியிருக்கிறதா, சுடுகிறதா, அழுத்தினால் எந்த இடத்தில் வலிக்கிறது என்பதைத் தொடாமல் எவ்வாறு அறிவது? கைபேசிக் கண்ணாடியில் விரலை வைக்கச் சொல்லி நாடி பார்ப்பதாகக் கூறுவோரும், புகைப்படத்தைப் பார்த்தே வாத பித்த கபக் கணக்குச் சொல்வோரும் சாத்திரத்துக்கு வெளியே நிற்பவர்கள்.

நல்ல மருத்துவரின் முதல் ஆலோசனை பெரும்பாலும் கேள்விகளாலேயே நிறைந்திருக்கும். பசி எப்படி, உறக்கம் எப்படி, மலம் கழிவது எப்படி, எந்த வேளையில் வலி மிகும், இப்போது உண்ணும் மாத்திரைகள் யாவை, அண்மைக்கால இரத்தப் பரிசோதனை முடிவு என்ன என்று பொறுமையாகக் கேட்பார். ‘ஒருமுறை நேரில் வந்து காட்டுங்கள்’ என்றோ, ‘உங்கள் ஊரிலேயே இன்னாரிடம் காட்டுங்கள்’ என்றோ சொல்லத் தயங்கமாட்டார். சென்னை அரும்பாக்கத்தில் உள்ள அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை போன்ற இடங்களில் ஆயுர்வேதப் பிரிவு இயங்குகிறது. அங்கு ஒருமுறை நேரில் காட்டிவிட்டுத் தொடர் ஆலோசனைகளை மட்டும் தொலைபேசியில் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் விவேகமுள்ளவை. பஞ்சகர்ம சிகிச்சைகளைப் பொறுத்தவரை பேச்சே இல்லை. வமனம், விரேசனம், வஸ்தி முதலியவை மருத்துவர் அருகிலிருந்து கவனிக்க வேண்டியவை. காணொளியைப் பார்த்து வீட்டில் செய்துகொள்ளத் தக்கவை அல்ல.

நிறுத்தச் சொல்லும் குரல்

இத்தனையிலும் மிக முக்கியமானது ஒன்று உண்டு. ‘அம்மா, அந்த இங்கிலீஷ் மருந்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள், அது உடம்பில் இருக்கும்வரை நம் மருந்து வேலை செய்யாது’ என்று ஒரு குரல் சொன்னால், அங்கேயே அழைப்பைத் துண்டித்துவிடலாம். முந்திய வைத்தியரைப் பழிப்பவர் என்று சரகர் காட்டிய அடையாளம் இதுவே. இன்சுலினைத் திடீரென நிறுத்தினால் சிலருக்குச் சில நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த வலிப்பு மீளும். இரத்தக் கொதிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை எல்லாமே அவ்வாறுதான். எதையேனும் குறைக்க வேண்டுமென்றால், அதை எழுதிக்கொடுத்த மருத்துவர், பரிசோதனை முடிவைப் பார்த்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். கற்ற ஆயுர்வேத மருத்துவர்கள் இதைத்தான் வற்புறுத்துகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஓர் ஆபத்தும் உண்டு. ஓராண்டாகத் தீராத வலி மூன்றே நாளில் மாயமாக மறைந்தால் வீட்டில் எல்லோரும் மகிழ்வார்கள். அங்குதான் ஐயம் எழ வேண்டும். பெயர் ஒட்டாத பொட்டலங்களில் வரும் சில சூரணங்களில் ஸ்டீராய்டு மருந்துகள் மறைவாகக் கலக்கப்படுவது ஆய்வகங்களில் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. அவற்றைத் தொடர்ந்து உண்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். நீரிழிவுள்ள தாய்க்கு இது இரட்டிப்புக் கேடு. நீண்டகாலம் உண்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்தாதலால், அந்நிலையில் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கலப்படமற்ற நல்ல மருந்துகளிலும் ஆளறிந்து தர வேண்டியவை உண்டு. அதிமதுரம் மிகுதியாகச் சேர்ந்தால் இரத்தக் கொதிப்பு உயரும். லேகியங்களில் சர்க்கரையோ வெல்லமோ நிறைய இருக்கும். அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் நொதித்தலால் தானே உண்டாகும் சாராயச் சத்து உண்டு. இருக்கும் நோய்களையும் உண்ணும் மாத்திரைகளையும் கேளாமலே தசமூலாரிஷ்டத்தையும் லேகியத்தையும் சேர்த்து அனுப்பும் வியாபாரியிடம் வைத்தியம் இல்லை.

பொட்டலமும் பணமும்

பாதரசம் முதலிய உலோகங்களைச் சுத்தி செய்து ஆக்கும் ரச மருந்துகள் ஆயுர்வேதத்தில் தனிப் பிரிவு. கைதேர்ந்த மருத்துவர் அளவறிந்து தரவேண்டியவை அவை. இணையத்தில் வாங்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைப் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் பரிசோதித்து, அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பதாக 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டனர். இந்தியாவில் செய்தவை, அமெரிக்காவில் செய்தவை என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. ரச மருந்து வகைகளில் மட்டும் அந்த அளவு பத்துக்கு நான்காக இருந்தது.

ஆகவே பொட்டலத்தின் மேலுள்ள சீட்டைப் படிக்கும் வழக்கம் வேண்டும். உரிமம் பெற்ற ஆயுர்வேத மருந்தின் மீது தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், சேர்ந்துள்ள சரக்குகளின் பட்டியல் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். நச்சுப் பொருள்கள் என்று சட்டம் பட்டியலிட்ட சரக்குகள் அடங்கிய உள்மருந்தாயின், மருத்துவரின் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். 1944இல் மருத்துவர்களே கூடித் தொடங்கிய இம்காப்ஸ் கூட்டுறவு மருந்தகத்தின் பழைய குப்பிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. வெறும் பிளாஸ்டிக் உறையில் பேனாவால் ‘காலை - மாலை’ என்று எழுதி வந்தால், அதை வாயில் இடாமல் இருப்பது நலம்.

விளம்பரத்துக்கும் சட்டம் உண்டு. நீரிழிவு, புற்றுநோய், கண்புரை, பக்கவாதம் உள்ளிட்ட பல நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ‘90 நாளில் சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி’ என்று பறைசாற்றுபவர் மருத்துவத் திறமையைக் காட்டுவதற்கு முன்பே சட்டத்தை மீறிவிட்டார்.

பணம் கேட்கும் முறையும் பல செய்திகளைச் சொல்லும். ஆலோசனை இலவசம் என்பார்கள். அழைப்பின் முடிவில் ஆறு மாத மருந்துக்கு முழுத்தொகையும் இன்றே கட்டினால் பாதி விலை என்பார்கள். மருத்துவர் தம் ஆலோசனைக்கு நேரிய கட்டணம் பெற்று ரசீது தருவதும், இரண்டு வாரத்துக்கு மட்டும் மருந்து எழுதி, குணம் பார்த்து மாற்றுவதும் முறை. கைபேசி வழியே பணம் அனுப்புகையில் பெறுபவர் பெயர் திரையில் தோன்றும். வைத்தியசாலையின் பெயர் ஒன்று, பணம் பெறுபவர் பெயர் சம்பந்தமே இல்லாத வேறொன்று என்றால், அனுப்பும் விரல் அங்கே நிற்க வேண்டும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். தாமதமின்றிச் செய்தால் தொகையை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு உண்டு.

சிகிச்சைக்கு வைத்தியர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர், நோயாளி என நான்கு கால்கள் என்கிறார் சரகர். திருக்குறளின் மருந்து அதிகாரமும் இந்நான்கையே சொல்லி நிறைவுறுகிறது. வைத்தியருக்கு வேண்டிய குணங்களாகச் சரகர் வகுத்தவையும் நான்கு: தெளிந்த கல்வி, பலமுறை கண்டறிந்த அனுபவம், செயல்திறன், தூய்மை. கல்வியைப் பதிவேட்டில் பார்த்துவிடலாம். மற்ற மூன்றும் பழகித்தான் தெரியும். அதற்கு மூன்றாம் காலாகிய உடனிருப்பவர் விழித்திருக்க வேண்டும். மகன் பெங்களூரில் இருந்தாலும் அந்தக் கால் அவனே.

அவனால் ஆகக்கூடிய காரியம் எளியது. தாயிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம். முதல் பக்கத்தில் அவர் உண்ணும் மாத்திரைகள் எல்லாவற்றின் பெயரும் அளவும். அடுத்த பக்கத்தில் சர்க்கரை அளவு, நாள்வாரியாக. அதன் பின் ஆயுர்வேத மருந்து தொடங்கிய நாள், அதன் பெயர், தொகுதி எண், தூக்கம், வலி, வயிறு எப்படி என்ற ஒரு வரிக் குறிப்பு. மாதம் ஒருமுறை அப்பக்கங்களைப் படம் எடுத்து, நீரிழிவு மருத்துவருக்கும் ஆயுர்வேத மருத்துவருக்கும் ஒருசேர அனுப்பலாம். இருவரும் ஒரே புத்தகத்தைப் பார்க்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.